"இங்கே" எப்போது "அங்கே" ஆகிறது?

ஒரு புள்ளி போனதற்காக ஒருத்தி கட்டுரை எழுதுகிறாளா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் வாசித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் போய்வந்த ஒரு பிரத்தியேக வகுப்பில் ஆங்கில இலக்கணம் நடந்துகொண்டிருந்தது. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுதல். "டிரெக்ட் ஸ்பீச்", "இன்டிரெக்ட் ஸ்பீச்" என்றால் தங்கச்சிமாருக்கும் விளங்கும். ஒருவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே மேற்கோட் குறிக்குள் போட்டு எழுதினால் அது நேர்கூற்று. அதையே நாங்கள் எங்கள் வாக்கியத்துக்குள் எடுத்து, அவர் இப்படிச் சொன்னதாக எழுதினால் அது அயற்கூற்று.

பலகையில் வழமையான அட்டவணை விழுந்தது. "நவ்" என்று இருந்தால் "தென்". "டுடே" என்று இருந்தால் "தட் டே". "டுமோறோ" என்றால் "த நெக்ஸ்ட் டே". "ஹியர்" என்றால் "தெயர்". "வில்" என்றால் "வுட்". கொப்பியில் நடுவே கோடு கீறி இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டோம். பிறகு வீட்டுவேலை தரப்பட்டது. வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்ன ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, அவற்றை அயற்கூற்றாக மாற்றிக் கொண்டுவர வேண்டும்.

"போனை வைத்துவிட்டுப் படி", "சோறு ஆறுது, வா" என்று எல்லோரும் எழுதிய வாக்கியங்களைத்தான் நானும் நான்கு எழுதினேன். ஐந்தாவதாக என் அப்பா சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதினேன். அப்பா என்று நான் சொல்வது உம்மாவின் வாப்பாவை. அவரை நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்னரே புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியத்தை உம்மும்மா எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் அந்தத் திகதியை அறியாதவர் இல்லை. காலையில் ஒலிபெருக்கி அறிவித்தல் வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். போனவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம்.

அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள், சோனகதெருவில் இருந்த எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் நின்று உம்மும்மா கேட்டாராம், கோழிக்கூட்டைத் திறந்து விடட்டோ என்று. அப்பா சொன்ன மறுமொழி இதுதான்:

"வேண்டாம். நாளைக்கு இங்க திரும்பி வந்திடுவம்."

அதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "வீ வில் கம் பேக் ஹியர் டுமோறோ." பிறகு அயற்கூற்றாக்கினேன். "ஹி செட் தட் வீ வுட் கம் பேக் ஹியர் த நெக்ஸ்ட் டே." அடுத்த நாள் நாங்கள் இங்கே திரும்பி வந்துவிடுவோம் என்று அவர் சொன்னார்.

கொப்பி திரும்பி வந்தபோது இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தன. "வீ" என்பதன் மேல் ஒன்று. அது "தே" ஆகவேண்டும். "ஹியர்" என்பதன் மேல் ஒன்று. அது "தெயர்" ஆகவேண்டும். பிழை ஒன்றுக்கு அரைப் புள்ளியாக ஒரு புள்ளி போயிற்று. "அட்டவணையைப் பார்" என்றார்கள். பார்த்தேன். அட்டவணையில் அப்படித்தான் இருந்தது.

அட்டவணை சொல்லாத ஒன்று

கற்பித்தவரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறவருக்கு அட்டவணை கட்டாயம் வேண்டும். பரீட்சை வினாவில் வருவது முன்பின் தெரியாத ஒரு ஜோனும் ஒரு மேரியும்தான். அவர்கள் எங்கே நின்று பேசினார்கள், நாங்கள் எங்கே நின்று சொல்கிறோம் என்பது அந்த வினாத்தாளில் இராது. ஆகவே "ஹியர்" என்பதை "தெயர்" என்று மாற்றுவதே பாதுகாப்பு.

ஆனால் அன்று இரவு வீட்டில் இருந்த ஆங்கில இலக்கண நூலை எடுத்துப் பார்த்தேன். அட்டவணைக்குக் கீழே, சிறிய எழுத்தில், நாங்கள் யாரும் கொப்பியில் எழுதிக்கொள்ளாத ஒரு விளக்கம் இருந்தது. அதை என் சொற்களில் சொல்கிறேன். இந்த மாற்றங்கள் தாமாக நிகழ்வதில்லை. சொல்கிறவர் நிற்கும் இடமும் காலமும் மாறியிருந்தால்தான் சொல்லும் மாறும்.

காலையில் ரீச்சர் "இன்றைக்குப் பரீட்சை" என்கிறார். அதை நான் பகல் இடைவேளையில் இன்னொருத்திக்குச் சொன்னால் "இன்று" இன்றாகவே இருக்கும். அடுத்த கிழமை சொன்னால் "அன்று" ஆகும். நூலகத்தில் ஒருவர் "இங்கே பேசக்கூடாது" என்கிறார். அதை நான் நூலகத்துக்குள்ளேயே நின்று சொன்னால் "இங்கே". வீட்டுக்கு வந்து சொன்னால் "அங்கே". "சூரியன் கிழக்கில் உதிக்கிறது" என்று ஆசிரியர் சொன்னதை எத்தனை வருடம் கழித்துச் சொன்னாலும் வினையை இறந்தகாலத்துக்குத் தள்ளத் தேவையில்லை. அது இன்னும் உண்மையாகவே இருக்கிறது அல்லவா?

இப்போது என் வாக்கியத்துக்கு வாருங்கள். நான் புத்தளத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது எனக்கு மூன்று வயது. இந்த வீட்டுவேலையை நான் செய்தது சோனகதெருவில், அந்தப் பின்முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அறையில். அப்பா "இங்க" என்று சொன்ன இடமும் நான் எழுதிய இடமும் ஒன்றேதான். பிறகு எப்படி அது "அங்கே" ஆகும்?

என் மாமாவின் மகள் புத்தளத்தில் இருக்கிறாள். என் வயது, அவளும் இதே பாடத்திட்டத்தைத்தான் படிக்கிறாள். அதே வாக்கியத்தை அவள் எழுதினால் "தெயர்" என்றுதான் எழுதவேண்டும். அது அவளுக்குச் சரி. ஒரே அப்பா சொன்ன ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பேத்திகளிடம் இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன. எங்கள் சமூகத்தின் 35 வருடக் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. புள்ளித்திட்டத்தில் மாத்திரம் ஒரு விடைக்கே இடம் இருக்கிறது.

"ஹியர்" விடயத்தில் நான் சொல்வதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். "வீ" விடயம் அப்படி அல்ல. அதை உம்மும்மாவிடமே கேட்டேன். அவர் இன்றும் மாமாவோடு புத்தளத்தில்தான் இருக்கிறார். தொலைபேசியில், "உம்மும்மா, 'வந்திடுவம்' எண்டு அப்பா சொன்னது ஆரையெல்லாம் சேர்த்து?" என்று கேட்டேன். என்னையும் சேர்த்து என்று சொல்வார் என்ற ஆசை எனக்கு இருந்தது. உம்மும்மா ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"அவருக்கு அப்ப வீட்டில இருந்த ஆறு பேரைத் தெரியும். உன்னை எப்படி மகள் தெரியும்?"

அப்படியென்றால் "தே" என்பதே சரி. அந்த அரைப் புள்ளியை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அழைப்பை வைப்பதற்கு முன் உம்மும்மா இன்னொன்றும் சொன்னார். "ஆனா திரும்பிப் போனது நீங்கதானே."

எங்கள் தமிழில் இது எப்படி?

ஆங்கிலத்தில் இந்தப் பாடம் எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. தங்கச்சிமாருக்குப் பயன்படலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் "என்று" என்றொரு சொல் இருக்கிறது. "நான் வருவேன் என்று பாத்திமா சொன்னாள்." இதில் "நான் வருவேன்" என்பது பாத்திமாவின் வாயில் வந்தபடியே இருக்கிறது. காலமும் மாறவில்லை, "நான்" என்பதும் மாறவில்லை. அதாவது "என்று" எங்களுக்கு மேற்கோட் குறியின் வேலையைச் செய்கிறது. நாங்களோ "என்று" என்றால் ஆங்கிலத்தில் "தட்" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். அதனால் பாத்திமா வருவதைச் சொல்லப் போய், "பாத்திமா செட் தட் ஐ வில் கம்" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த "ஐ" பாத்திமா அல்ல, எழுதுகிற நான். பாத்திமா வருவதற்குப் பதிலாக நான் போகவேண்டியதாகிவிடுகிறது!

உண்மையான அயற்கூற்று தமிழிலும் உண்டு. "தான் வருவதாகப் பாத்திமா சொன்னாள்." "நான்" என்பது "தான்" ஆயிற்று, "வருவேன்" என்பது "வருவதாக" ஆயிற்று. ஆகவே நான் இப்போது கையாளும் வழி இது. ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன், "என்று" உள்ள வாக்கியத்தைத் தமிழிலேயே "ஆக" உள்ள வாக்கியமாக மாற்றிவிடுவேன். யார் யாராக மாறுகிறார் என்பது அங்கேயே தெளிந்துவிடும். பிறகு ஆங்கிலத்தில் செய்யவேண்டியது வினையின் காலத்தைப் பார்ப்பது மாத்திரமே.

ஏவல் வாக்கியத்தில் இரண்டு மொழியும் ஒரே வழியில் போகின்றன. "வெளியேறுங்கள்" என்பது தமிழில் "வெளியேறச் சொன்னார்கள்". ஆங்கிலத்தில் "டோல்ட் தெம் டு லீவ்". கேள்வியும் அப்படித்தான். "வந்தாயா?" என்பதில் வரும் "ஆ" என்ற வினா எழுத்தின் வேலையை ஆங்கிலத்தில் "இஃப்" அல்லது "வெதர்" செய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஓரிடத்தில் எங்கள் மொழி ஆங்கிலத்தையும் மிஞ்சி நிற்கிறது. "ரஸீனா டோல்ட் ஹனா தட் ஷீ ஹேட் பாஸ்ட்" என்றால் சித்தியடைந்தது ரஸீனாவா, ஹனாவா? ஆங்கில வாக்கியத்தை மாத்திரம் வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் "தான் சித்தியடைந்ததாக ரஸீனா ஹனாவிடம் சொன்னாள்" என்றால் சந்தேகமே இல்லை. "தான்" என்ற அந்தச் சின்னச் சொல் பேசியவரையே சுட்டி நிற்கும்.

இன்னொன்று "ஆம்". "வருகிறார்" என்றால் எனக்குத் தெரியும். "வருகிறாராம்" என்றால் யாரோ சொல்லக் கேட்டேன், பொறுப்பு என்னுடையதல்ல. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியமே வேண்டும். எங்களுக்கு ஓர் இடைச்சொல் போதும். தொல்காப்பியர்கூடத் தம் நூலில் பல இடங்களில் "என்ப", "மொழிப" என்று முடிக்கிறார். தாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், முன்னோர் இப்படிச் சொல்வார்கள் என்று எழுதுகிறார். அந்தப் பழைய நூலும் தனக்கு முன் இருந்தவர்களின் பேச்சைக் காவி வந்த நூல்தான்.

சொன்னார்களா, கேட்டுக்கொண்டார்களா, கட்டளையிட்டார்களா?

அயற்கூற்றில் நாங்கள் அதிகம் யோசிக்காத இன்னோர் இடம், கூற்றைத் தாங்கும் வினை. நேர்கூற்றில் அது பெரும்பாலும் "செட்" என்று சும்மா கிடக்கும். அயற்கூற்றில் நாங்கள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். "டோல்ட்" சொல்வது. "ஆஸ்க்ட்" கேட்டுக்கொள்வது. "ரிக்வெஸ்டட்" வேண்டிக்கொள்வது. "ஓர்டர்ட்" கட்டளையிடுவது. பயிற்சிப் புத்தகத்தில் இவற்றுக்கு அரைப் புள்ளி வித்தியாசம்தான் இருக்கும். வரலாற்றில் அப்படி அல்ல. தெரிவுசெய்யும் வினையிலேயே எங்கள் அபிப்பிராயம் அடங்கிவிடுகிறது.

"முஸ்லிம்கள் 1990 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறினார்கள்." "முஸ்லிம்கள் 1990 இல் இடம்பெயர்ந்தார்கள்." "முஸ்லிம்கள் 1990 இல் வெளியேற்றப்பட்டார்கள்." மூன்று வாக்கியங்களிலும் ஆட்கள் ஒன்றே, வருடம் ஒன்றே. முதலாவதில் அவர்கள் தாமாகப் போனது போலிருக்கிறது. இரண்டாவதில் புயலோ வெள்ளமோ வந்து போனது போலிருக்கிறது. மூன்றாவதில்தான் அன்று ஒரு கட்டளை இருந்தது என்பது தெரிகிறது. அதிலும் கட்டளையிட்டவர் யார் என்பது ஒளிந்திருக்கிறது. செயப்பாட்டு வினையின் இயல்பு அது. பத்திரிகையிலும் விண்ணப்பப் படிவத்திலும் இந்த மூன்றும் மாறி மாறி வரும்போது நாங்கள் கவனிக்காமல் வாசித்துப் போகிறோம்.

இதை நான் எவர் மீதும் வெறுப்பை வளர்ப்பதற்காக எழுதவில்லை. அயற்கூற்று நேர்மையாக இருக்கவேண்டும் என்றால் அது எல்லாப் பக்கமும் நேர்மையாக இருக்கவேண்டும். உம்மும்மா ஒலிபெருக்கியில் வந்ததைச் சொல்லும்போது எப்போதும் அயற்கூற்றிலேயே சொல்வார். "போகச் சொன்னாங்க", "வரச் சொன்னாங்க", அவ்வளவுதான். அந்தச் சொற்கள் அவருக்கு அப்படியே ஞாபகம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வேலிக்கு மேலாகச் சொன்னதை இன்றைக்கும் நேர்கூற்றாகவே சொல்வார். "அக்கா, பிள்ளையளுக்குக் குடுக்க இந்தப் பாணைக் கொண்டு போங்கோ." அதை ஒரு சொல்லும் மாற்றாமல், அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கட்டளை அயற்கூற்றாகத் தேய்ந்துபோய்விட்டது. பாண் தந்த குரல் 35 வருடமாக நேர்கூற்றாகவே இருக்கிறது. மனித மனம் எதை எப்படிக் காப்பாற்றி வைக்கிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

சொல்லைச் சுமப்பதும் ஓர் அமானிதம்

இன்னொருவர் சொன்னதைக் காவிச் செல்வதற்கு மிகக் கடுமையான ஒழுங்குகளை வகுத்த ஒரு கல்வி மரபு எங்களிடமே இருக்கிறது. ஆங்கில இலக்கண வகுப்பில் அதை நாங்கள் நினைப்பதில்லை. ஹதீஸ் கலையைச் சொல்கிறேன்.

ஸஹீஹுல் புகாரியின் முதலாவது ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிய்யத்தைப் பற்றியது, எல்லோருக்கும் தெரிந்தது. இமாம் புகாரிக்கு அதைச் சொன்னவர் ஹுமைதி. அவருக்குச் சொன்னவர் சுப்யான். சுப்யானுக்கு யஹ்யா இப்னு ஸயீத் அல்-அன்ஸாரி. அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்-தைமி. அவருக்கு அல்கமா இப்னு வக்காஸ். அல்கமா அதைக் கேட்டது உமர் (ரழி) அவர்கள் மிம்பரில் நின்று சொல்லும்போது. உமர் (ரழி) அவர்கள் கேட்டது நபி (ஸல்) அவர்களிடம். இடையில் ஆறு பேர். ஆறு பேரின் பெயரும் எழுத்தில் இருக்கிறது. ஒருவர் "நான் கேட்டேன்" என்று சொல்வதற்கும் "இன்னாரிடமிருந்து" என்று மாத்திரம் சொல்வதற்கும்கூட அறிஞர்கள் வித்தியாசம் பார்த்தார்கள். முதலாவது நேரடியாகக் கேட்டதை உறுதிப்படுத்துகிறது. இரண்டாவதில் இடையில் ஒருவர் விடுபட்டிருக்க இடம் உண்டு.

எங்கள் பாடத்தோடு இன்னும் நெருங்கியது ஒன்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அப்படியே அறிவிப்பதை "ரிவாயத் பில் லஃப்ழ்" என்பார்கள். கருத்தைத் தம் சொல்லில் அறிவிப்பதை "ரிவாயத் பில் மஃனா" என்பார்கள். ஏறத்தாழ எங்கள் நேர்கூற்றும் அயற்கூற்றும் போல. இரண்டாவதற்கு அனுமதி தந்த அறிஞர்களும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மொழியையும், ஒரு சொல் மாறினால் கருத்து எங்கே மாறும் என்பதையும் அறிந்தவராக அவர் இருக்கவேண்டும். அப்படியும் பயந்த சிலர், சொல்லி முடித்துவிட்டு "அல்லது அவர்கள் கூறியவாறு" என்ற கருத்தில் ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, கருத்தைச் சொல்வதற்குத்தான் அதிக அறிவு வேண்டும், அதிக அச்சமும் வேண்டும். நாங்களோ அயற்கூற்றை ஓர் அட்டவணையை வைத்து இயந்திரம்போலச் செய்யலாம் என்று நினைக்கிறோம். சூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆவது வசனமும், ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்து அறியும்படிதான் எங்களுக்குக் கற்பிக்கிறது.

இதைப் பரீட்சைக்கு அப்பால் ஏன் இழுக்கிறேன் என்று பெற்றோர் கேட்கலாம். எங்கள் வீடுகளில் நாளாந்தம் நடப்பது அயற்கூற்றுத்தான் என்பதால்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒருநாள் சாச்சியிடம் சொன்னார், "எனக்கு இப்பக் கலியாணம் வேண்டாம் சாச்சி, ஏ.எல். முடியட்டும்." சாச்சி அதை இன்னொருவரிடம் சொன்னபோது, "அவளுக்கு இப்பக் கலியாணம் வேண்டாமாம்" ஆயிற்று. பரவாயில்லை, பொருள் மாறவில்லை. அடுத்த வீட்டில் அது "அவளுக்குக் கலியாணம் வேண்டாமாம்" ஆயிற்று. அடுத்த நாள் வட்ஸ்அப்பில் "ஏனாம்?" என்று ஒரு கேள்வி வந்தது. அந்த அக்காவின் உம்மா அன்றிரவு அழுதார். விழுந்துபோனது "இப்ப" என்ற ஒரு சொல்தான். ஆங்கில வகுப்பில் "நவ்" என்பதை மாற்ற மறந்தால் அரைப் புள்ளி போகும். ஊரில் ஒரு பெண்பிள்ளையின் "இப்ப" விழுந்துபோனால் போவது அவளுடைய பெயர். ஒவ்வொருவரும் "ஆம்" என்ற எழுத்தைப் போட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிக்கொண்டார்கள்.

என்ன செய்யலாம்?

மூன்று விடயங்களை மாத்திரம் முன்வைக்கிறேன்.

முதலாவது, கற்பிப்பவர்களுக்குப் பணிவோடு. அட்டவணையைத் தாருங்கள், பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் அதற்கு முன் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிவிடுங்கள். யார் சொல்கிறார்? எங்கே நின்று சொல்கிறார்? எப்போது சொல்கிறார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிள்ளைக்கு அட்டவணை தானாக வரும். அட்டவணை மாத்திரம் தெரிந்த பிள்ளை, சொந்த வீட்டின் பின்முற்றத்தில் நின்றுகொண்டே "அங்கே" என்று எழுதும்.

இரண்டாவது, எங்களுக்கு. 1990 இல் பெரியவர்களாக இருந்தவர்கள் இப்போது மூத்தவர்களாகிவிட்டார்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் இதுவரை "இப்படியெல்லாம் நடந்ததாம்" என்று அயற்கூற்றாகவே வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னும் தேய்ந்து போய்ச் சேரும். ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் உம்மும்மாவோ அப்பாவோ சொல்வதை முதலில் நேர்கூற்றாக, மேற்கோட் குறிக்குள், அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். யார் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது, என்று சொன்னது என்பதைக் கீழே குறியுங்கள். அயற்கூற்றாக மாற்றுவது பிறகு. நேர்கூற்று கையில் இருந்தால் அயற்கூற்றை எப்போதும் எழுதலாம். அயற்கூற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு நேர்கூற்றுக்குத் திரும்ப முடியாது. பயிற்சிப் புத்தகம் முடியும் என்கிறது. ஆனால் உம்மும்மாவுக்கு அந்த ஒலிபெருக்கிச் சொற்கள் இனி ஒருபோதும் திரும்பி வரப்போவதில்லை.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிள்ளை ஒன்று சொன்னதாக யாராவது வந்து சொன்னால், கோபிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "அவள் வாயால் சொன்ன சொல் என்ன?"

அப்பாவின் வாக்கியத்துக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன். "வந்திடுவம்" என்று நேர்கூற்றில் இருக்கும்போது அந்த நாளை இன்னும் விடியவில்லை. "வுட்" என்று அயற்கூற்றில் எழுதும்போது, அப்படிச் சொன்னார், ஆனால் நடந்தது வேறு என்பதை நாங்கள் அறிந்துகொண்டே எழுதுகிறோம். அடைத்தபடியே விட்டுவந்த அந்தக் கோழிகளைப் பற்றி உம்மும்மா இன்றைக்கும் பேசுவார். திறந்துவிட்டிருக்கலாம் என்பார். அப்பாவைக் குறை சொல்லமாட்டார்.

முடிவாக ஒரு பயிற்சி. நேற்று மாலை உம்மும்மா புத்தளத்திலிருந்து அழைத்தார். அவருடைய முதல் கேள்வி, "மகள், உங்கை மழையோ?"

தமிழில் சுட்டெழுத்து மூன்று என்று படித்திருக்கிறோம்: அ, இ, உ. இந்த உகரச் சுட்டு யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "உங்கை" என்றால் கேட்பவர் இருக்கும் இடம். புத்தளத்துப் பிள்ளைகள் சிரித்தும் உம்மும்மா அதை விடவில்லை. ஆங்கில அட்டவணையில் இதற்கு நிரலே கிடையாது.

அந்தக் கேள்வியை நான் அயற்கூற்றாக்கினேன். இங்கே மழையா என்று உம்மும்மா கேட்டார். "ஷீ ஆஸ்க்ட் இஃப் இட் வொஸ் ரெய்னிங் ஹியர்."

"ஹியர்" என்றுதான் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் அரைப் புள்ளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

(உயர்தரக் கலைப்பிரிவு மாணவி)